பாதி அட்டைப்படமும் ஏழு பிட் கணக்கும்

கணினியில் முழுமையாகத் தெரியும் ஆல்பம் அட்டைப்படம், அதே பாட்டைக் காரில் போட்டால் மேற்புறக் கீற்றாக மட்டும் தெரிந்து, மீதியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடுவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாட்டின் பெயரும் பாடகரின் பெயரும் பிழையின்றி வருகின்றனவே, படத்துக்கு மட்டும் என்ன வந்தது என்பது அவருடைய ஐயம். விடைக்கான துப்பு அந்த ஐயத்துக்குள்ளேயே இருக்கிறது.

எம்பி3 கோப்பில் விவரங்களை எழுதிவைக்கும் ஐடி3 டேக் 1996இல் தோன்றியபோது, கோப்பின் கடைசி 128 பைட்டுகளே அதற்குக் கிடைத்தன. தலைப்புக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30 என்று அளந்து கொடுத்த அந்த இடத்தில் படத்துக்கு வழியே இல்லை. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை டேக், கோப்பின் முன்பக்கத்துக்கு இடம் மாறித் தாராளமாக விரிந்தது. படமும் உள்ளே வந்தது.

ஆனால் முன்பக்கத்தில் ஓர் ஆபத்து காத்திருந்தது. எம்பி3 ஒலி சிறு சிறு சட்டகங்களாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சட்டகமும், 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் பிட்டுகளில், அடுத்தடுத்து 11 ஒன்றுகளோடு தொடங்கும். டேக் என்றால் என்னவென்று அறியாத பழைய பிளேயர், கோப்பைத் திறந்ததும் அந்த 11 ஒன்றுகளைத்தான் தேடும். பெரும்பாலான ஜேபெக் படங்களின் மூன்றாம், நான்காம் பைட்டுகளை எழுதிப் பாருங்கள்: 11111111 11100000. மிகச் சரியாக 11 ஒன்றுகள்! படத்தையே பாட்டென்று நம்பி வாசித்தால் கீச்சொலிதான் கேட்கும்.

இதே ஆபத்து டேக்கின் நீளத்தைக் குறிக்கும் எண்ணிலும் உண்டு. அதற்கு ஐடி3யை வடிவமைத்தவர்கள் கண்ட தீர்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த எண்ணை எழுதும்போது, ஒவ்வொரு பைட்டிலும் உள்ள 8 பிட்டுகளில் முதல் பிட்டை எப்போதும் சுழியாக விட்டுவிட்டு, மீதி 7 பிட்டுகளில் மட்டும் எழுதினார்கள். அப்படி எழுதினால் அடுத்தடுத்து 7 ஒன்றுகளுக்கு மேல் வரவே முடியாது. ஆகவே அந்த எண் ஒருபோதும் ஒலிச் சட்டகம்போல் தோற்றம் தராது.

குழப்பம் பதிப்புகளில் நேர்ந்தது. 1999இன் 2.3ஆம் பதிப்பில், டேக்கின் மொத்த நீளம் மட்டுமே 7 பிட் கணக்கு. உள்ளே இருக்கும் தலைப்பு, படம் போன்ற ஒவ்வொரு பகுதியின் நீளமும் வழக்கமான 8 பிட் கணக்கு. 2000இன் 2.4ஆம் பதிப்பு இரண்டையும் 7 பிட் ஆக்கியது. சில மென்பொருள்களோ 2.4 என்று முத்திரை குத்திவிட்டு, பகுதிகளின் நீளத்தைப் பழைய கணக்கிலேயே எழுதின.

50,000 பைட் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 பிட் கணக்கில் அதன் நீளத்தைக் குறிக்கும் எண்ணின் கடைசி இரண்டு பைட்டுகள் 195, 80. அதாவது 195 × 256 + 80. முத்திரையை நம்பி 7 பிட் கணக்கில் வாசிக்கும் கருவி, 195இன் முதல் பிட்டை உதறிவிட்டு 67 என்று கொள்ளும்; 67 × 128 + 80 = 8,656. அந்த இடத்தோடு படம் முடிந்துவிட்டதென்று அது நிறுத்திக்கொள்ள, சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாகச் சேமிக்கப்படுவதால், மேற்கீற்று மட்டும் நமக்குக் கிடைக்கிறது. கணினியில் உள்ள பல பிளேயர்கள் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை ஏற்கின்றன. தலைப்பு தப்பித்ததற்குக் காரணம் இதைவிட எளிது: 127 வரையிலான எண்கள் இரண்டு கணக்கிலும் ஒன்றே.

கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, எம்பி3டேக் அல்லது மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு போன்ற மென்பொருளில் 2.3ஆம் பதிப்பாக எழுதும்படி அமைத்து, பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே நம்பகமான வழி. முதலில் மங்கலாகத் தோன்றிப் படிப்படியாகத் தெளிவாகும் புரோகிரசிவ் ஜேபெக்கைச் சிறிய கருவிகள் பல வாசிப்பதில்லை. சாதாரண ஜேபெக்காகச் சேமித்துக்கொள்ளுங்கள். படத்தின் வகையை 'முன் அட்டை' என்று குறிக்க வேண்டும். அதன் எண் 3. (17ஆம் எண்ணுக்கு 'பளிச்சென்ற நிறமுள்ள மீன்' என்று தரநிலை ஒரு வகை வகுத்திருப்பதும் உண்மை.) ஒரே பெயருள்ள இரண்டு ஆல்பங்களுக்குப் படம் மாறி வந்தால், குறை படத்தில் இல்லை, 'ஆல்பம் கலைஞர்' என்ற இடம் காலியாக இருக்கும்.

படத்தைச் சேர்த்தால் ஒலித்தரம் குறையும் என்று உறுதியாக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிச் சட்டகங்களை மட்டும் பிரித்தெடுத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு பிட்கூட மாறியிருக்காது. சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும் என்னும்போது, இந்த நம்பிக்கையை இன்னும் சுமந்து திரிவது வருத்தம் தருகிறது.

நல்ல படத்துக்குக் கவர் ஆர்ட் ஆர்க்கைவில் தேடலாம். இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் இசைத் தகவல் தளமான மியூசிக்பிரெய்ன்ஸும் சேர்ந்து 2012இல் தொடங்கிய அந்தச் சேமிப்பகம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. இத்தகைய பணிகளுக்கு நூலகங்களுக்கு நிகராகப் பொது நிதி வழங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாம் சரிசெய்த பின்னும் பழைய பாதிப் படமே தோன்றினால், பிளேயர் தன் தற்காலிகச் சேமிப்பான கேஷில் வைத்திருக்கும் சிறுபடத்தைக் காட்டுகிறது என்று பொருள். கேஷை அழித்துவிட்டு, பாட்டுத் தொகுப்பை மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.