அரை நாளில் ஒரு சுற்று

சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க, அதன் நடுக்கோட்டுப் பகுதியில் 25 நாள் ஆகிறது. தென்வானின் டொராடோ விண்மீன் மண்டலத்தில், சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ஏபி டொராடஸ் அதை அரை நாளில் முடித்துவிடுகிறது. சூரியனைவிடச் சற்றுச் சிறிய, சற்றுக் குளிர்ந்த, வயதில் மிக இளைய விண்மீன் அது. 50 மடங்கு வேகமாகச் சுழன்றால், அதன் காந்தத் துருவங்களும் சூரியனைவிட 50 மடங்கு வேகமாக இடம் மாறுமா?

சூரியன் வாயுவால் ஆனது. அதன் நடுக்கோடு முந்துகிறது, துருவங்கள் பின்தங்குகின்றன. காந்தப்புலக் கோடுகளோ மின்னூட்டம் பெற்ற வாயுவைவிட்டு விலகாதவை. ஆகவே வடக்கு தெற்காக ஓடும் கோடுகள், நூற்கும் கதிரில் நூல் ஏறுவதுபோல், கிழக்கு மேற்காகச் சுற்றிக்கொள்கின்றன. சுற்றச் சுற்றப் புலம் வலுக்கிறது. வலுத்த பகுதிகள் மிதந்து வந்து மேற்பரப்பைத் துளைக்கும் இடங்களே கரும்புள்ளிகள். மேலெழும்போது ஏற்படும் முறுக்கால் வடக்கு தெற்குப் புலம் மீண்டும் பிறக்கிறது, ஆனால் எதிர்த்திசையில். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

ஏபி டொராடஸ் தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளி. அதன் முகத்தில் உள்ள கறைகளை எப்படிப் பார்ப்பது? அந்த வேகமே வழி காட்டுகிறது. நம்மை நோக்கி வரும் விளிம்பின் ஒளி நீலப் பக்கமும், விலகும் விளிம்பின் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதால், ஒளியைப் பிரிக்கும்போது தெரியும் நிறமாலைக் கோடுகள் அகன்றுவிடுகின்றன. கரும்புள்ளி ஒன்று முகத்தைக் கடக்கையில், அகன்ற கோட்டில் ஒரு சிறு மேடு நீல ஓரத்திலிருந்து சிவப்பு ஓரத்துக்கு ஊர்ந்து செல்கிறது. அந்த ஊர்தலைக் கொண்டே வரைபடம் தீட்டிவிடுகிறார்கள். வானியலில் இதைவிட அழகான உத்தியை நான் அறியேன்.

அந்த வரைபடங்களில் துருவத்தருகே பெரும் கறை தெரிகிறது. சூரியனில் அங்கே புள்ளிகள் தோன்றுவதில்லை. கடும் சுழற்சியில் மேலெழும் புலத்தை, சுழலும் பொருளில் நகர்பவற்றைத் திசைதிருப்பும் கோரியாலிஸ் விசை துருவப் பக்கம் தள்ளிவிடுகிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கம்.

1995 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வானியலாளர்கள் டோனாட்டியும் கோலியர் கேமரனும் எடுத்த அளவீடுகள்தாம் மனத்தைக் கவர்கின்றன. இந்த விண்மீனின் நடுக்கோடு துருவத்தை ஒரு முழுச்சுற்று முந்த ஏறத்தாழ 110 நாள் ஆகிறது. சூரியனிலும் ஏறக்குறைய அதே காலம்தான்! காந்தப்புலக் கோடுகளைச் சுற்றுவது மொத்த வேகம் அல்ல, பகுதிகளுக்கு இடையேயான வேக வேறுபாடு. அது இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. கறைகள் கூடிக் குறைவதைக் காட்டும் ஏபி டொராடஸின் நீண்டகால ஒளி ஏற்ற இறக்கமும் மாதக் கணக்கில் அல்ல, ஏறத்தாழ 20 ஆண்டு அளவில்தான் தென்படுகிறது.