வெளியே போக வழியில்லாத ஒரு ஸ்டேஷன்

உமிஷிபவுரா என்று ஒரு சின்ன ரயில் நிலையம், ஜப்பானில் யோக்கோஹாமாவின் சுருமி பகுதியில் இருக்கிறது. (நெல் உமி இல்லை, ஜப்பானிய மொழியில் 'உமி' என்றால் கடல்.) இறங்கினால் ஒரே ஒரு நடைமேடை, அதன் கைப்பிடிக் கம்பிக்குக் கீழேயே கால்வாய்த் தண்ணீர் தளும்பும், மறுபக்கம் தண்டவாளமும் தொழிற்சாலையும். நடைமேடை முடிகிற இடத்தில் வாசல் ஒன்று உண்டு, ஆனால் அது தோஷிபா தொழிற்சாலையின் வாசல். அங்கே வேலை பார்ப்பவர்கள் உள்ளே போகலாம், மற்றவர்கள் அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான்.

படத்தைப் போட்டு "எவ்வளவு விசித்திரம் பாருங்கள்" என்று எழுதுபவர்கள் நிறைய. எனக்கென்னவோ, ஸ்டேஷனை விட அது நிற்கிற தரைதான் விசித்திரமாகத் தெரிகிறது, ஏனென்றால் நூற்றுச் சில்லறை வருஷத்துக்கு முன்னால் அங்கே தரையே கிடையாது.

சிமென்ட் தொழிலில் பணம் சேர்த்த அசானோ சோய்ச்சிரோ 1896-ல் வெளிநாடு கிளம்பிப் போய்ப் பல துறைமுகங்களைப் பார்த்தார். அங்கெல்லாம் கப்பல் நேராகக் கரையை ஒட்டி நிற்கிறது, யோக்கோஹாமாவிலோ தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து படகுகளில் சரக்கை மாற்றி மாற்றி ஏற்றுகிறார்கள். ஆலை வாசலுக்கே கப்பல் வரட்டும் என்று 1913-ல் கடலைத் தூர்க்கும் வேலையைத் தொடங்கி 1928 வரை நடத்தினார்.

இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பெரிய கப்பல் வர ஆழமான கால்வாய் வேண்டும், ஆலை கட்ட மேடான நிலம் வேண்டும். கால்வாய்க்காகத் தோண்டுகிற மண்ணும் சேறும்தான் நிலத்துக்குத் தேவையான பொருள். முதலில் கடலுக்குள் தடுப்புச்சுவர் எழுப்புவார்கள், அப்புறம் அடித்தரையைக் கிளறி மண்ணைத் தண்ணீரோடு சேர்த்துக் குழம்பாக உறிஞ்சி, குழாய் வழியாகச் சுவருக்கு உள்ளே பீய்ச்சுவார்கள். மண் அடியில் படியும், தண்ணீர் வடிந்து ஓடும். இப்படிச் செய்த நிலம் கால்வாய்களுக்கு நடுவே நீள நீளத் துண்டுகளாகத்தான் கிடைக்கும், துண்டின் விளிம்பு கப்பலுக்கு, நடுப்பகுதி ஆலைக்கு. ரயிலுக்கு மிஞ்சியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ரயில் 1926-ல் சரக்கு ஏற்றத்தான் வந்தது, பயணிகளுக்கென்று ஓட ஆரம்பித்தது 1930-ல். உமிஷிபவுரா வரை பாதை நீண்டது 1940-ல். 1943-ல், போர் நடுவே, அரசு எடுத்துக்கொண்டது. மொத்தப் பாதையும் கிளைகளோடு சேர்த்து 9.7 கிலோமீட்டர்தான், ஆனால் ஸ்டேஷன் பெயர்களில் பல முதலாளிகளின் பெயர்கள்: அசானோ, காகிதத் தொழிலின் ஓகவா, இரும்புத் தொழிலின் ஷிராய்ஷி. வங்கி முதலாளி யசுதா சென்ஜிரோவின் பெயரிலிருந்து ஒவ்வோர் எழுத்தை எடுத்து 'அன்சென்' என்று ஒரு ஸ்டேஷன் வைத்தார்கள். காதில் விழும்போது ஜப்பானியருக்கு அது 'பாதுகாப்பு' என்றும் கேட்கும். அமெரிக்க விமானப்படைத் தளத்துக்கு விமான எரிபொருள் ஏற்றிய டேங்கர் ரயில்கள் கிளம்புவது அங்கிருந்துதான்!

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். முசாஷி-ஷிராய்ஷி நிலையத்தில் ஓகவா கிளைக்கான நடைமேடை கடும் வளைவில் இருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: விளிம்பைத் தொடுவது இரண்டு புள்ளிகள்தான், நடுப்பகுதி தட்டுக்கு உள்ளே போகும், இரு நுனிகளும் வெளியே நீட்டும். ரயில் பெட்டியும் அப்படித்தான், அடியில் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகள் மட்டுமே வளைவைப் பின்பற்றும். நடுப்பகுதி எவ்வளவு உள்ளே தள்ளும் என்பதற்குக் கணக்கு சுலபம்: தொகுதிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தைப் போல 8 மடங்கால் வகுக்க வேண்டும். 20 மீட்டர் பெட்டியில் அந்தத் தூரம் 13.8 மீட்டர். ஆரம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 24 சென்டிமீட்டர் வருகிறது, அதாவது ஒரு சாணுக்கு மேல். தூரம் 11 மீட்டரானால் 15 சென்டிமீட்டர்தான். நீளம் கொஞ்சம் குறைந்தாலே பிதுக்கம் நிறையக் குறைவது அந்த வர்க்கத்தால்.

அதிகம் பிதுங்கினால் பெட்டி நடைமேடையில் உரசும். அதனால்தான் ஊரெல்லாம் 20 மீட்டர் பெட்டிகளுக்கு மாறிய பிறகும், அந்தக் கிளையில் 17 மீட்டர் நீளமுள்ள பழைய ஒற்றைப் பெட்டி ஒன்று 1996 வரை ஓடிக்கொண்டிருந்தது. வளைவை மாற்ற இடமில்லை, பெட்டியும் கிழடாகிவிட்டது, கடைசியில் நடைமேடையையே இடித்துவிட்டார்கள். இன்று ஓகவா ரயில் அந்த ஸ்டேஷன் பக்கமாகவே போகும், நிற்காது.

கால அட்டவணையும் ஆலைச் சங்குக்கு ஏற்பத்தான்: காலையிலும் மாலையிலும் கூட்டம், நடுப்பகலில் ரயில்கள் குறைவு. 1971-லேயே சுருமி தவிர மற்ற நிலையங்களில் ஊழியர்களை எடுத்துவிட்டார்கள்.

உமிஷிபவுராவுக்குக் கடல் பார்க்க வந்து மாட்டிக்கொள்பவர்களுக்காக 1995-ல் தோஷிபா தன் இடத்தில் ஒரு துண்டைப் பூங்காவாக்கிக் கொடுத்தது. இப்போது வருபவர்கள் கார்டைத் தட்டி வெளியேறி, பெஞ்சில் உட்கார்ந்து எதிரே தெரியும் பாலத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி கார்டைத் தட்டி உள்ளே வந்து ரயிலேறுகிறார்கள். ஆலை வாசல் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குள் மட்டும் இன்னும் போக முடியாது.