கேட்டு எழுதிய எண்ணில் பிழையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நூலகம் ஒன்று வானொலி பாணியில் இணையத்தில் நடத்தும் நிகழ்ச்சியில் ஆய்விதழ்களை அறிமுகம் செய்கிறார்கள். அறிவிப்பாளர் வாசித்த இதழ் எண்ணைக் குறித்துக்கொண்டு தேடினேன். 'எண் தவறு' என்றது. 'கிடைக்கவில்லை' என்று சொல்லவில்லை, 'தவறு' என்கிறது. அது எப்படித் தெரியும்?"

அருமையான கேள்வி. அவர் எழுதியது ஐ.எஸ்.எஸ்.என். தொடர் வெளியீடுகளுக்கு உலகெங்கும் தரப்படும் எட்டு இலக்க எண். இதில் முதல் ஏழுதான் அடையாளம்; எட்டாவது, அந்த ஏழுக்கும் காவல்.

1869 முதல் வெளிவரும் நேச்சர் இதழின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை இடமிருந்து வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள். சுழியங்களை விட்டால் 12, 40, 24, 6 மிஞ்சும். கூட்டினால் 82. அடுத்து வரும் 11இன் மடங்கு 88. அதற்கு 6 குறைகிறது. அந்த 6தான் கடைசி இலக்கம்! குறைவது 10 என்றால் ஓர் இடத்தில் எழுத முடியாதே, அதனால் ரோமன் பத்தான எக்ஸ் போடுவார்கள். சில இதழ் எண்கள் எக்ஸில் முடிவது இதனால்தான்.

சரி, காதில் விழுந்ததை 0082-0836 என்று மாற்றி எழுதிவிட்டீர்கள். இப்போது கடைசி 6ஐயும் சேர்த்துக் கூட்டுத்தொகை 94. அது 11ஆல் வகுபடாது. பட்டியலைப் புரட்டாமலேயே கணினி பிழையைச் சொல்லிவிடும்.

ஏன் 11? இங்கேதான் அழகு இருக்கிறது. 10ஐ வைத்திருந்தால், 5ஆல் பெருக்கும் இடத்தில் உள்ள 8ஐ 6 என்று எழுதினால் தொகை சரியாக 10 குறையும், பிழை நழுவிவிடும். 11 பகா எண். இலக்க வித்தியாசம் 9ஐத் தாண்டாது, பெருக்கும் எண் 8ஐத் தாண்டாது. இரண்டிலும் 11 இல்லாதபோது பெருக்கற்பலனில் மட்டும் எங்கிருந்து வரும்? ஆகவே ஓர் இலக்கம் தவறினாலும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கட்டாயம் பிடிபடும். நூல்களுக்குத் தரப்படும், 2007 முதல் புழங்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். 10ஐத்தான் நம்புகிறது, அதில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள 1உம் 6உம் இடம் மாறினால் தெரியாது. எனக்கு அதில் வருத்தம்தான்.

பெயரெண் கூட்டி அதிர்ஷ்டம் பார்ப்பவர்கள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இலக்கங்களைக் கூட்டி உண்மையைச் சோதிப்பது என்றால் இதுதான்.

ஆனால் ஆய்வுக் கட்டுரைகளுக்கான டி.ஓ.ஐ. எண்ணில் இப்படிப்பட்ட கட்டாயக் காவல் கிடையாது. ஓர் இலக்கம் பிசகினால் சம்பந்தமே இல்லாத கட்டுரை திறக்கக்கூடும். எனவே டி.ஓ.ஐ. வாசிக்கும் அறிவிப்பாளர்கள் கட்டுரையின் தலைப்பையும் ஆண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.