வட்டு சரி, ஒளியியல் எதற்கு?

போன மாதம் இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோவில் மண்டபத்தில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கண் பரிசோதனை. கையில் கொடுத்த தாளில் மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். "ஒளியியல் வட்டுக் கோளாறுகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுத்துக்கூட்டி வாசித்த என் அத்தை, "கண்ணுக்குள்ள சிடி வைக்கிறாங்களா தம்பி?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒளிவட்டு, ஒளியியல் வட்டு எல்லாம் கணினிக்காரர்கள் சிடிக்கும் டிவிடிக்கும் வைத்த பெயர்கள். நான் இப்படி அச்சில் பார்ப்பது இது மூன்றாவது முறை.

சரி, தாள் சொல்ல வந்தது கண்ணுக்குள் இருக்கும் 'ஆப்டிக் டிஸ்க்' என்ற இடத்தை. அது என்ன இடம்? விழித்திரை முழுவதிலிருந்தும் வரும் ஏறத்தாழ 10 லட்சம் நரம்பு இழைகள் ஓரிடத்தில் திரண்டு, கண்ணை விட்டு மூளைக்குப் புறப்படும் வாசல். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால் சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வட்டமாகத் தெரியும்.

நம் ஊர் டாக்டர்கள் பிரெஞ்சில் 'பாப்பீய்' என்பார்கள். (அத்தை காதில் அது 'பாப்பியோன்' என்று விழுந்து பட்டாம்பூச்சி ஆகிவிட்டது.) லத்தீனில் முலைக்காம்பு என்று பொருள். அந்த இடம் மேடிட்டு நிற்கிறது என்று பழைய உடற்கூற்றாளர்கள் நினைத்து வைத்த பெயர். உண்மையில் நடுவே குழிந்திருக்கும். ஆங்கிலக்காரர் சொல்லும் 'டிஸ்க்' கிரேக்கத்தில் விளையாட்டில் எறியும் வட்டு. நமக்கும் வட்டெறிதல் உண்டு. ஆகவே வட்டின் மேல் எனக்குச் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் ஒளியியல் மேல்தான். 'ஆப்டிக்' என்பதன் கிரேக்க வேர் பார்த்தலைக் குறித்தது. இயற்பியலுக்குள் போய் ஒளியைப் பற்றிய படிப்பானது. அங்கே ஒளியியல் அருமையான சொல். கண் மருத்துவத்தில் அது பார்வையோடே நின்றுவிட்டது. 'ஆப்டிக் நெர்வ்' பார்வை நரம்பு என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நரம்புக்குப் பார்வை, அதன் தலைக்கு மட்டும் ஒளியியலா? 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்று குறள் (401) சொல்வது இந்த மொழிபெயர்ப்பாளர்களைத்தான் போலிருக்கிறது. எந்தத் துறை என்று கட்டம் கீறாமலே சொல்லை உருட்டிவிடுகிறார்கள்.

'பார்வை வட்டு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒளியியலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒளியை உணரும் செல்களே இல்லாத இடம் அது. பிரான்சின் அறிவியலாளர் மரியோட் 1660களில் கண்டறிந்த குருட்டுப்புள்ளி இதுதான். பார்வையே இல்லாத இடத்துக்குப் பார்வை வட்டா! நரம்பு வட்டு என்று சுருக்கினாலோ முதுகுவலிக்காரர்கள் வந்து நிற்பார்கள், முதுகெலும்புக்கு நடுவிலும் வட்டு இருப்பதால். நீளம்தான் என்றாலும் 'பார்வை நரம்பு வட்டு' என்பதே என் கட்சி. ஒரு முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் வெறும் வட்டு என்றால் போதும்.

பெயர் தெளிந்தால் நோயும் தெளியும். மண்டைக்குள் அழுத்தம் ஏறி வட்டு உப்பினால் வட்டு வீக்கம். அதில் தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கலாம், தலைவலிதான் முந்திக்கொள்ளும். இழைகள் பட்டுப்போய் வெளுத்தால் வட்டு வெளிறல். பார்வை நரம்பை அரிக்கும் கிளாக்கோமா நோயில் நடுக்குழி அகன்றுகொண்டே போகும். அந்தக் குழிக்குத் தாளில் 'கோப்பை' என்று இருந்தது. 'கோப்பை வட்டு விகிதம் 0.7'. தேநீர்க்கடைக் கணக்கா இது? வட்டின் விட்டத்தில் பத்தில் ஏழு பங்கைக் குழி பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தால் அத்தைக்கே புரிந்திருக்கும்.

அச்சடித்த பையனிடம் கேட்டேன். "கம்ப்யூட்டர் குடுத்ததுண்ணா" என்றான். மோக்காவில் கண் மருத்துவமனைக்குப் பாரதி பெயரை வைத்த நாட்டில்! மேசையில் மிச்சமிருந்த தாள்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒளியியலைப் பேனாவால் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோப்பையை அடிப்பதற்குள் அத்தையின் முறை வந்துவிட்டது.