தட்டணு தட்டாகவே இருப்பது எப்படி?

இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால், அங்கே ஒதுங்கும் தட்டணுக்கள் (இரத்தத்தில் மிதக்கும் பிளேட்லெட்டுகள்) சில நொடிகளில் உருமாறி, விரல் போன்ற நீட்சிகளை விட்டு, பரவி, ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை அடைக்கின்றன. தட்டணுவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணத்தைத்தான் விவரிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான தட்டணுக்கள் தம் 7 முதல் 10 நாள் ஆயுளை எதிலும் ஒட்டாமலே கழித்துவிட்டு, மண்ணீரலிலும் கல்லீரலிலும் அழிந்துபோகின்றன. அத்தனை நாளும் அவை வழவழப்பான, மெல்லிய தட்டு வடிவத்தைக் காத்துக்கொள்வது தானாக நடப்பதன்று. அதன் பின்னால் ஆக்டின் என்னும் புரதத்தின் இடைவிடாத கட்டுப்பாடு இருக்கிறது.

தசை சுருங்குவதற்குக் காரணமான ஆக்டின், 1940களின் தொடக்கத்தில் ஹங்கேரியில் தசையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தசையைப் போலவே சுருங்கும் புரதம் தட்டணுவிலும் உண்டு என்பதை 1959இல் பெட்டெக்ஸ்-காலண்ட், லூஷர் ஆகிய ஆய்வாளர்கள் காட்டினர். உட்கருகூட இல்லாத, 2 முதல் 3 மைக்ரான் அகலமே உள்ள இந்தத் துணுக்கில் மிகுதியாக இருக்கும் புரதம் ஆக்டின்தான். ஒரு தட்டணுவில் ஏறத்தாழ 20 லட்சம் ஆக்டின் மூலக்கூறுகள் உள்ளன.

ஓய்வு நிலையில் இவற்றுள் சுமார் 40 விழுக்காடு மட்டுமே இழைகளாகக் கோக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 8 லட்சம் மூலக்கூறுகள் சுமார் 2,000 இழைகளில் பகிர்ந்திருப்பதாகக் கொண்டால், ஓர் இழைக்கு 400 மூலக்கூறுகள் வரும்; ஒவ்வொரு மூலக்கூறும் இழையை 2.7 நானோமீட்டர் நீட்டுவதால், இழையின் சராசரி நீளம் ஒரு மைக்ரானை ஒட்டி அமைகிறது. இந்த இழைகள் தட்டின் நடுப்பகுதியிலிருந்து குடைக் கம்பிகளைப் போல விளிம்பை நோக்கிப் பரவி, சவ்வின் உட்புறத்தை அடைகின்றன. அங்கே ஸ்பெக்ட்ரின் புரதம் பின்னிய வலை சவ்வைத் தாங்கி நிற்கிறது. அந்த வலையின் முடிச்சுகள் ஆக்டின் இழைகளின் முனைகளில்தான் விழுகின்றன. விளிம்பைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் நுண்குழல் வளையமும் தட்டு வடிவத்துக்குத் துணை நிற்கிறது.

எஞ்சிய 60 விழுக்காடு ஏன் இழையாவதில்லை என்பதே இங்கு மிகவும் சுவையான கேள்வி. கட்டற்ற ஆக்டின் ஒரு மைக்ரோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்னும் சிறு செறிவைத் தாண்டினாலே இழையாகத் தொடங்கிவிடும். தட்டணுவிலோ மொத்த ஆக்டினின் செறிவு அதைப்போல் பல நூறு மடங்கு. இதைத் தடுப்பதில் முதற்பங்கு தைமோசின் பீட்டா-4 என்னும் சிறு புரதத்துக்கு உரியது. அது ஆக்டின் மூலக்கூறுகளைத் தனித்தனியே பிடித்து வைத்துக்கொள்கிறது. எனினும் அந்தப் பிடி தளர்வானது. இழையின் வேகமாக வளரும் முனை திறந்திருந்தால், அது கட்டற்ற ஆக்டினை உறிஞ்சிக்கொள்ளும். செறிவு குறையக் குறையத் தைமோசினும் தன் கையிருப்பை விடுவிக்கும். சேமிப்பு முழுவதும் விரைவில் இழையாகிவிடும். ஆகவே, அந்த முனைகளை மூடி வைக்கும் அடூசின், கேப்-இசட் போன்ற மூடிப் புரதங்களே உண்மையான பூட்டு என்பது என் கருத்து. தட்டணு தூண்டப்பட்டு அதனுள் கால்சியம் அயனிகள் உயர்ந்ததும் ஜெல்சோலின் என்னும் புரதம் பழைய இழைகளை வெட்டுகிறது, அடூசின் விலகுகிறது, முனைகள் திறந்து, புதிய இழைகள் நீட்சிகளை உந்தித் தள்ளுகின்றன.

வடிவம் காப்பதோடு இழைகளின் வேலை முடிவதில்லை. காயத்தில் தட்டணுவைப் பற்றிக்கொள்ளச் செய்யும் ஜிபி-1பி ஏற்பி (சவ்வில் பதிந்துள்ள பற்றும் புரதம்), ஃபிலமின் என்னும் புரதத்தின் வழியாக ஆக்டின் இழைகளுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஃபிலமினை உருவாக்கும் மரபணுவில் சில பிறழ்வுகள் உள்ளவர்களிடம் தட்டணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் காணப்படுகின்றன. இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைப் பற்றும் இன்டெக்ரின் ஏற்பி செயலற்றிருப்பதிலும் ஆக்டினுக்குப் பங்குண்டு: இழையாக்கத்தைக் குலைக்கும் சைட்டோகலாசின், லாட்ருங்குலின் போன்ற பொருள்களைச் சிறிதளவு சேர்த்தபோது, வேறு தூண்டுபொருள் எதுவும் சேர்க்கப்படாத தட்டணுக்களும் ஃபைப்ரினோஜனைப் பற்றத் தொடங்கியது ஆய்வில் தெரிந்தது.

இரத்த வங்கிகளில் சிவப்பணுக்களைக் குளிரில் வைப்பார்கள். தட்டணுக்களை மட்டும் 20 முதல் 24 டிகிரி செல்சியசில் அசைத்துக்கொண்டே வைப்பார்கள். குளிர் பட்டால் கால்சியம் உயர்ந்து, ஆக்டின் இழையாகி, தட்டு வடிவம் கெடுகிறது. கால்சியத்தைக் கட்டும் பொருளையும் சைட்டோகலாசினையும் சேர்த்துக் குளிரிலும் வடிவத்தைக் காப்பாற்ற முடிந்தது. ஆயினும் எலிகளின் உடலில் செலுத்தியதும் அத்தகைய தட்டணுக்களைக் கல்லீரல் விரைவாக அகற்றிவிட்டது. குளிரில் ஜிபி-1பி ஏற்பிகள் சவ்வின் மேல் திரண்டுவிடுவதையே கல்லீரலின் விழுங்கணுக்கள் அடையாளமாகக் கொண்டிருந்தன.