ஒரு முட்டைக்கு 25 மணி நேரம்

ஒரு பெட்டைக்கோழியின் உடம்புக்குள் ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சள் கரு முட்டைக்குழாய்க்குள் இறங்குகிறது. அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேர ஏறக்குறைய 3 மணி நேரம். ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வுகள் உருவாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி நேரம், அதாவது சுமார் 20 மணி நேரம், ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. முட்டையிட்ட அரை மணி நேரத்தில் அடுத்த மஞ்சள் கரு புறப்பட்டுவிடும்.

நாளுக்கு 24 மணி நேரம்தான். முட்டைக்கோ அதைவிடச் சற்று அதிகம் வேண்டியிருக்கிறது. அதனால் இன்று காலை 7 மணிக்கு இட்ட கோழி நாளை 8 மணிக்கு இடும், மறுநாள் இன்னும் தாமதிக்கும். மஞ்சள் கருவை விடுவிக்கும் ஹார்மோன் இரவில் ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள்தான் பொங்கி எழும். முட்டையிடும் நேரம் தள்ளிப்போய்ப் பிற்பகலை எட்டும்போது அந்த இடைவெளி கைநழுவிவிடும். ஒரு நாள் கூடு காலியாகக் கிடக்கும். அதற்கடுத்த நாள் மறுபடி விடிகாலையில் கொக்கரிப்பு கேட்கும். நன்றாக இடும் கோழி தொடர்ந்து பல நாட்கள் இட்டுவிட்டு ஒரு நாள் விடும். சுமாராக இடும் கோழி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை விடும்.

நான்கைந்து கோழி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஆயிரம் கோழி உள்ள பண்ணையில் இந்த ஏற்ற இறக்கம் சராசரியில் கரைந்துவிடும். கொல்லையில் அப்படியில்லை. ஒரு கோழி ஒரு நாள் விட்டாலே கண்ணில் படும். உடனே தீவனத்தை மாற்றுவது, மருந்து கொடுப்பது, கோழியை விற்றவரைத் திட்டுவது என்று ஆரம்பித்துவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் கோழியின் உடம்பு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு முட்டையின் ஓடு 5, 6 கிராம் எடை இருக்கும். கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் 2 கிராமுக்கு மேல். கோழியின் உடம்பில் உள்ள மொத்தக் கால்சியத்தில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு முட்டைக்கும் இவ்வளவு வெளியே போகிறது. அதிலும் ஓடு பெரும்பாலும் இரவில் கட்டப்படுகிறது. இரவிலோ கோழி தின்பதில்லை. அப்படியானால் கால்சியம் எங்கிருந்து வருகிறது?

கால் எலும்புகளுக்குள்ளிருந்து வருகிறது. முதல் முட்டை இடுவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே, ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் ஏறியதும், நீண்ட எலும்புகளின் உட்குழிவில் ஒரு புதுவகை எலும்பு வளரத் தொடங்குகிறது. இந்த எலும்பு உடலைத் தாங்குவதற்கானது அல்ல; கால்சியம் போட்டு எடுக்கும் உண்டியல். பகலில் தீவனத்திலிருந்து நிரம்பும், இரவில் ஓட்டுக்காகக் கரையும். பறவைகளிடம் மட்டுமே காணப்படுவதாக நினைத்திருந்த இந்த எலும்பைப் போன்ற ஒன்றை 6.8 கோடி ஆண்டுகள் பழமையான டைரனோசாரஸ் புதைபடிவத்தின் தொடை எலும்பில் கண்டதாக 2005-இல் மேரி ஷ்வைட்சரின் குழு அறிவித்தது. முட்டையிடும் நிலையில் இறந்த பெண் டைனோசர் அது என்பது அவர்கள் முடிவு. கொல்லையில் கிளறித் திரியும் கோழியின் காலுக்குள் அத்தனை பழைய ஏற்பாடு இன்னும் வேலை செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

தோல்முட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓடே இல்லாமல், ஈரமும் சூடுமாக, உள்ளங்கையில் அழுந்திச் சப்பையாகும். விரலால் லேசாக அமுக்கினால் மஞ்சள் கரு உள்ளே நகர்வது தெரியும். மற்ற எல்லா வேலையும் முடிந்து, ஓடு கட்டும் கட்டம் மட்டும் விடுபட்ட முட்டை அது. புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை இட்டால் கவலைப்பட வேண்டாம். உறுப்புகள் ஒத்திசைவுக்கு வரச் சில வாரம் ஆகும். வளர்ந்த கோழி அடிக்கடி இட்டால் கால்சியத்தைப் பார்க்க வேண்டும். கிளிஞ்சலைத் தூளாக்காமல் சிறு துண்டுகளாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பது நல்லது. பெரிய துண்டுகள் அரைவைப்பையில் தங்கி மெல்லக் கரையும். இரவில், ஓடு கட்டும் நேரத்தில், உதவும். தீவனத்தோடு கலந்துவிடக் கூடாது. எவ்வளவு வேண்டும் என்பது முட்டையிடும் கோழிக்குத் தெரியும். முட்டையிடாத இளங்கோழிக்கும் சேவலுக்கும் அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிளிஞ்சல் வைத்தும் கோடையில் ஓடு மெலிந்தால் காரணம் வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியசுக்கு மேல். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும். அப்படி இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. கார்பனேட் செய்யத் தேவையான மூலப்பொருளும், ரத்தத்தில் கரைந்து பயன்படும் நிலையிலுள்ள கால்சியமும் ஒன்றாகக் குறைகின்றன. வெப்பத்தில் வாடிய கோழிகளுக்குக் கார்பன் டைஆக்சைடு ஏற்றிய நீரைக் குடிக்கக் கொடுத்த ஆய்வு ஒன்று 1985-இல் வெளிவந்தது; ஓடு தேறியது. வீட்டில் அதெல்லாம் தேவையில்லை. நிழல், காற்றோட்டம், குளிர்ந்த நீர் போதும்.

பகல் சுருங்கும் பருவத்தில் முட்டை குறைவது இன்னொரு கதை. கோழி ஒளியைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளியை மூளையின் அடிப்பகுதியில் உள்ள உணர்விகள் நேரடியாக வாங்கிக்கொள்கின்றன. பார்வை நீக்கப்பட்ட வாத்துகளிடமும் ஒளி இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டுகிறது என்று பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் பெனுவா 1930-களிலேயே காட்டினார். பகல் நீண்டால் சூலகம் விழிக்கும், சுருங்கினால் ஓயும். பண்ணைகளில் 14 முதல் 16 மணி நேரம் விளக்கு எரிவது இதற்காகத்தான்.

பகல் சுருங்கும்போதே இறகு உதிர்ப்பும் வரும். நேற்று வரை பளபளவென்று இருந்த கோழி கழுத்து மொட்டையாகி, முதுகில் ஊசி ஊசியாகப் புது இறகுக் குருத்துகளோடு நிற்கும். பார்த்தால் நோய்க்கோழி போலவே இருக்கும். இறகில் பத்தில் ஒன்பது பங்கு புரதம். முட்டைக்கும் புரதம் வேண்டும், இறகுக்கும் வேண்டும். கோழி இறகைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. இந்த ஓய்வை விளக்குப் போட்டுக் கெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. புரதம் கூடுதலான தீவனம் கொடுங்கள், புதுக் குருத்துகளில் ரத்த ஓட்டம் இருக்கும், தொட்டால் வலிக்கும் என்பதால் கையில் தூக்காமல் விடுங்கள். ஓய்வு முடிந்து வரும் முட்டை முன்பைவிடக் கெட்டியான ஓட்டோடு வரும்.

முட்டை நிற்பதற்கு மூன்றாவது காரணம் அடை. கூட்டில் முட்டை சேர்ந்து, அது வயிற்றில் படப் பட, புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. சூலகம் சுருங்குகிறது, அடிவயிற்று இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டையோடு ஒட்டுகிறது. நாளுக்கு ஒரு முறை தீனிக்கும் தண்ணீருக்கும் எழுந்து, ஒரு பெரிய எச்சத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்தும். குஞ்சு வேண்டாம் என்றால், காற்று அடியில் புகும்படி கம்பிவலைத் தரை உள்ள கூண்டில் தண்ணீரும் தீவனமும் வைத்துச் சில நாள் விட்டால் தெளிந்துவிடும். வயிறு குளிர்ந்து, தொடுகை நின்றால் ஹார்மோன் இறங்கும். தண்ணீரில் முக்குவது கொடுமை, தேவையும் இல்லை.

குஞ்சு வேண்டும் என்பவர்கள் முட்டையை அவயம் வைப்பதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். 21 நாளில் பொரித்து வரும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். பறவைகளில் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பது தாய். அதை அடைகாக்கும் வெப்பத்தாலோ முட்டையின் வடிவத்தாலோ மாற்ற முடியாது. கூரான முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதெல்லாம் பொய். சில மாதங்களில் கூவத் தொடங்கி, ஒன்றையொன்று ரத்தம் வர அடித்துக்கொள்ளும் சேவல்களுக்கு என்ன வழி என்று முதலிலேயே முடிவு செய்யாதவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். இன்னொன்று: சேவல் போன மறுநாளே கூமுட்டையாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். விந்தணுக்கள் பெட்டையின் முட்டைக்குழாயில் உள்ள நுண்குழல்களில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும்.

சண்டை சேவல்களோடு முடிவதில்லை. நார்வேக்காரரான தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் யார் யாரைக் கொத்துகிறது என்று கவனித்துக் குறித்து வந்தார். 1921-இல் அதையே ஆய்வாக எழுதினார். கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு படிநிலை உண்டு. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும், திருப்பிக் கொத்து வாங்காது. கொண்டையும் முகமும் பார்த்து ஒன்றையொன்று தனித்தனியாக அடையாளம் வைத்திருக்கின்றன. படிநிலை உறுதியானால் சண்டை அடங்கும். ஒரு புதுக்கோழியைக் கொண்டுவந்து விட்டதும் எல்லாம் குலைந்துபோகும். ஒற்றைக் கோழியாகச் சேர்ப்பது மிக மோசம். அடி முழுவதும் அதன் தலையில் விழும். இரண்டு மூன்றாக, முதலில் வலைக்கு அப்பால் ஒரு வாரமாவது கண்ணில் படும்படி வைத்திருந்து, பிறகு சேர்க்க வேண்டும். தீவனத் தட்டை இரண்டு இடத்தில் வையுங்கள். ரத்தம் தெரிந்த கோழியை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.

இழப்புகளில் மனதை அதிகம் உலுக்குவது நோய்தான். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று செத்துக் கிடக்கிறது என்று சொல்லாத கோழி வளர்ப்பாளர் இல்லை. பெரும்பாலும் அது நேற்றும் நன்றாக இருந்திருக்காது. இரையாகும் விலங்குகள் பலவீனத்தை வெளிக்காட்டுவதில்லை. காட்டினால் வேட்டை விலங்கின் கண்ணில் முதலில் படும், கூட்டத்தில் படியும் இறங்கும். கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். இருட்டில் கோழிக்குப் பார்வை மிகக் குறைவு, அதனால் அடைந்த பிறகு அமைதியாகத் தூக்கலாம். கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் தீனிப்பையைத் தடவுங்கள். மாலையில் நிறைந்தும், விடிகாலையில் இரை போடுமுன் காலியாகவும் இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாகவோ தளதளவென்றோ இருந்தால் அடைப்பு. மாலையில் காலியாக இருந்தால் அது தின்னவில்லை. அடுத்து நெஞ்செலும்பு. இருபுறமும் சதை நிறைந்திருக்க வேண்டும். நடுவில் கத்தி முனைபோல் விரலில் உறைத்தால் எடை பல நாளாகவே இறங்கி வருகிறது. வாரம் ஒரு முறை இப்படித் தொட்டுப் பார்ப்பவருக்குத் திடீர்ச் சாவுகள் குறையும்.

குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வருகின்றன. ஆகவே தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த தரைதான் எதிரி. கொட்டிலில் நாற்றம் வருவதும் அதே ஈரத்தால்தான்: எச்சத்தின் வெள்ளைப் பகுதியான யூரிக் அமிலத்தைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்ற ஈரம் வேண்டும். மூக்கில் அம்மோனியா உறைத்தால், தரையை ஒட்டி நடக்கும் குஞ்சுகளின் கண்ணும் நுரையீரலும் அதற்கு முன்பே பாதிக்கப்பட்டிருக்கும். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். வந்தபின் மருந்து இல்லை, தடுப்பூசி ஒன்றே வழி. பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இறந்தவற்றை வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

காரணம் தெரியாமல் கொண்டை வெளிறி, முட்டை குறைந்தால் இரவில் டார்ச்சோடு கொட்டிலுக்குப் போங்கள். சிவப்புச் செள் பகலில் கோழி மேல் இருக்காது. அடையும் கட்டையின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடைத்தால் ரத்தக் கறை படியும். சூடான காலத்தில் ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறை முடியும். ரத்தமே இல்லாமலும் மாதக் கணக்கில் உயிர் தாங்கும். அதனால் கோழிக்கு மட்டும் மருந்திட்டால் பயனில்லை, கட்டையையும் இடுக்குகளையும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதல் ஆண்டில்தான் முட்டை அதிகம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறையும், முட்டை பெரிதாகும், ஓடு மெலியும். கோழியோ நல்ல பராமரிப்பில் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள், சில இன்னும் கூடுதலாகவும் வாழும். அதிகம் இடுவதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்களில் வயதானபின் முட்டைக்குழாய் அழற்சியும் சூலகப் புற்றுநோயும் சாதாரணம். மனிதர்களின் சூலகப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் கோழிகளை நாடுவதும் இதனால்தான். இடைவிடாமல் இடும் கோழியைத் தேடுபவர்கள், ஆண்டுக்குச் சில மாதம் ஓயும், அடைக்கு வரும் இனத்தையும் யோசித்துப் பார்க்கலாம். முட்டை குறையும், ஆனால் கோழி கூடுதல் காலம் நோயின்றி இருக்கும். ஐந்தாறு கோழிகளை ஒரே வயதில் வாங்காமல் ஆண்டுக்கு இரண்டாகச் சேர்த்துவந்தால், கிழடுகள் ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் கூட்டில் ஒன்றிரண்டு முட்டையாவது இருக்கும்.