துப்பறியும் வகுப்பு: புதிருக்குள் பாடம் இருக்கிறதா?

தொடக்கப்பள்ளி வகுப்பில் துப்பறியும் விளையாட்டு என்றதும் பல ஆசிரியர்கள் முதலில் தேடுவது பூதக்கண்ணாடிப் படத்தையும் காலடித்தட அச்சையும்தான். கணக்குத் தாள் அதேதான். மூலையில் ஒரு தொப்பிக்காரர், மேலே 'ரகசியக் கோப்பு' என்று தலைப்பு. இருபது கூட்டல் கணக்கைப் போட்டு முடித்தால் கடைசியில் திருடன் பெயர் கிடைக்கும். முதல் தடவை பிள்ளைகள் ஆர்வமாகத்தான் உட்காருவார்கள். இரண்டு மூன்று தடவைக்குள் அவர்களுக்குத் தெரிந்துவிடும், இது பழைய தாள்தான், மேலே வேஷம் கட்டியிருக்கிறது என்று.

துப்பறியும் புதிர் முறையை என் வகுப்புகளில் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், மற்ற ஆசிரியர்கள் தயாரிக்கும் தாள்களையும் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாடம் தெரியாத பிள்ளையால் இந்தப் புதிரை அவிழ்க்க முடியுமா? முடியும் என்றால் அது விளையாட்டு. விளையாட்டில் தப்பில்லை, ஆனால் அதைப் பாட நேரத்தில் சேர்க்காதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நூலகத்திலிருந்து ஒரு வரைபடம் காணாமல் போய்விட்டது. ஒரு சாட்சி எழுதிக் கொடுக்கிறார்: "மாலை ஐந்தரை மணி இருக்கும். கிழக்குப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்ததால் எதிரே வந்தவர் முகம் தெரியவில்லை." படித்ததும் பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். வாக்கியம் சரியாகத்தானே இருக்கிறது! திசைப் பாடம் நடத்தி முடித்த வகுப்பு என்றால், கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மாலையில் கிழக்கே நடப்பவருக்கு வெயில் முதுகில்தான் அடிக்கும். சாட்சி பொய் சொல்கிறார்.

இன்னொரு சாட்சி, நள்ளிரவில் அப்போதுதான் முழுநிலவு எழும்பிக்கொண்டிருந்தது என்கிறார். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும்புவது. நள்ளிரவில் அது வானில் நன்றாக ஏறியிருக்கும். இந்த இரண்டு சாட்சிகளையும் பிடிக்க அறிவியல் பாடம் வேண்டும், கூடவே வாசிப்பும் வேண்டும். கண்ணை மேலாக ஓட்டிவிட்டுப் போகிற பிள்ளை, காரணம் தெரிந்தே நிதானமாக இரண்டாம் முறை படிப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். 'பத்தியைக் கவனமாகப் படி' என்று எத்தனை தடவை சொன்னாலும் நடக்காத காரியம் அது.

கணக்குக்கு நான் அடிக்கடி எடுப்பது பூட்டு எண். பெட்டியைத் திறக்கும் எண் இரண்டு இலக்கம், 50-ஐ விடப் பெரியது; 7-ன் மடங்கு; இரட்டை எண்; இலக்கங்களைக் கூட்டினால் 12. இந்த வரிசையில் கொடுத்தால் வேட்டை அழகாகச் சுருங்கும். முதல் துப்புக்குப் பிறகு 49 எண்கள் மிச்சம், அப்புறம் 7, அப்புறம் 4, கடைசியில் 84 மட்டும். அதே துப்புகளை வரிசை மாற்றி, கூட்டுத்தொகை 12 என்பதை இரண்டாவதாகக் கொடுத்துப் பாருங்கள். 57, 66, 75, 84, 93 என ஐந்துதான் மிஞ்சும். 7-ன் மடங்கு என்றதும் 84 வந்து விழும். இரட்டை எண் என்ற துப்பை வைத்திருக்கும் பிள்ளை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். துப்புகளை எழுதுவதை விட அவற்றின் வரிசைக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

அட்டைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் விளக்கிவிடுகிறேன். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு ஒரு துப்பு அட்டை. அட்டையைப் பிறரிடம் காட்டக் கூடாது, வாய்விட்டுப் படிக்கலாம், கேட்டால் திரும்பப் படிக்கலாம். இவ்வளவுதான் விதி. இதன் அடிப்படை என் யோசனை அல்ல. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறை இது; பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால், முழுதும் தெரிய எல்லோரும் எல்லோரையும் கேட்டாக வேண்டும். துப்பறியும் வகுப்புக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பேசாத பிள்ளையிடம் ஒரு துப்பு இருக்கிறது என்றால் குழுவே அதன் பக்கம் திரும்பி உட்காரும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு நான் சின்ன வாக்கியம் உள்ள அட்டையைக் கொடுப்பேன், ஆனால் முக்கியமான அட்டையாகப் பார்த்துக் கொடுப்பேன்.

புதிர் ஏன் பிள்ளைகளை இழுக்கிறது என்பதற்கு ஆராய்ச்சியில் விடை இருக்கிறது. நடத்தைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-ல் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது. ஒன்றுமே தெரியாத இடத்தில் அந்த இடைவெளியே கண்ணுக்குத் தெரியாது. மூளை ஆய்வாளர்களான க்ரூபர், ரங்கநாத் குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விடைக்காக ஆவலோடு காத்திருக்கும்போது அந்த விடை மட்டுமல்ல, அந்த நேரத்தில் கண்ணில் பட்ட சம்பந்தமில்லாத முகங்களும் நன்றாக நினைவில் நின்றன. இதை வகுப்புக்குக் கொண்டுவந்தால், விடை இருக்கும் உறையைப் பிரிப்பதற்கு முந்தைய நிமிடங்கள் பொன்னானவை. பாடத்தின் முக்கியமான வரியை அப்போது சொல்லுங்கள். உறையைப் பிரித்து ஆரவாரம் கிளம்பிய பிறகு என்ன சொன்னாலும் காற்றோடு போகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. புதிர் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்களாகவே கண்டுபிடித்துக் கற்றுக்கொள்வார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் கடுமையாகக் கேள்வி கேட்டது. ஒரு திறனைப் புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டாமல் விட்டால், மனத்தின் வேலை செய்யும் இடமெல்லாம் தேடுவதிலேயே நிரம்பிவிடும், கற்பதற்கு இடம் மிஞ்சாது. பின்னம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளையிடம் பின்னத்தில் துப்பு கொடுத்தால் அது புதிரும் இல்லை, பாடமும் இல்லை, வெறும் எரிச்சல். அதனால் முதலில் நேரடியாகக் கற்றுக்கொடுங்கள், சில கணக்குகள் போட வையுங்கள், அப்புறம் புதிரைக் கொண்டுவாருங்கள். பயிற்சிக்கும் பயன்படுத்திப் பார்ப்பதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிய பாடத்தின் வாசலில் வைப்பதென்றால் ஒரு சின்னக் கேள்வி போதும். முழு வழக்கு வேண்டாம்.

வயதும் பார்க்க வேண்டும். ஆறேழு வயதில் ஒரு துப்புக்கு ஒரு தன்மை போதும்: நிறம், வடிவம், கால்களின் எண்ணிக்கை. 'அது நீலம் இல்லை' என்ற துப்பு பெரியவர்களுக்கு எளிது. சின்னப் பிள்ளைகளோ நீலம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நீலத்தையே தேடும். இல்லை என்று முடியும் துப்புகளை ஒன்பது பத்து வயதுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது கட்டம் போட்டு, பொருந்தாததைப் பெருக்கல் குறியால் அடித்து நீக்கும் புதிர்களும் செய்ய முடியும்.

எல்லா வகுப்பிலும் ஒரு வேகக்காரப் பிள்ளை இருக்கும். மூன்றாம் நிமிடத்தில் பெயரைக் கத்திவிடும். சரியாகவும் இருந்து தொலைக்கும்! இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: பெயர் மட்டும் சொன்னால் கணக்கில் வராது. யார், எந்தத் துப்பிலிருந்து தெரிந்தது, அந்தத் துப்பு எப்படி அதைக் காட்டுகிறது, மூன்றையும் எழுத வேண்டும். முடிவு, சான்று, காரணம். முதல் இரண்டும் எளிதாக வந்துவிடும். மூன்றாவதில்தான் எல்லோரும் தடுக்குவார்கள். 'சாட்சி பொய் சொல்கிறார், ஏனென்றால் வெயில் என்று சொன்னார்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். மாலையில் சூரியன் மேற்கே இருக்கும் என்ற அந்த நடுக்கண்ணிதான் பாடம். அதை எழுத வைக்கும் வரை நான் உறையைத் தொடுவதில்லை.

அறிவியலில் கையால் செய்து பார்க்கும் துப்பு வேண்டும் என்றால் மைப் பிரிப்பு எனக்குப் பிடித்தது. மர்மக் கடிதம் எந்தக் கறுப்புப் பேனாவால் எழுதப்பட்டது என்பது கேள்வி. வடிதாளைப் பட்டையாக வெட்டி, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே ஒவ்வொரு பேனாவாலும் புள்ளி வைத்து, அடி நுனி மட்டும் தண்ணீரில் நனையும்படி நிறுத்த வேண்டும். புள்ளி தண்ணீரில் மூழ்கக் கூடாது. தண்ணீர் ஏற ஏறக் கறுப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக விரியும். எந்தப் பட்டை கடிதத்தின் மையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டியதுதான். நீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாதான் வேண்டும், அழியாத மார்க்கர் தண்ணீரில் அசையாது. சில கறுப்பு மைகள் பிரியவே பிரியாது என்பதால் முந்தின நாளே எல்லாப் பேனாவையும் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதையைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. வகுப்பில் இருக்கும் பிள்ளையைச் சந்தேக நபர் ஆக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவே உள்ள கோடு அவ்வளவு உறுதியானதல்ல; 'திருடன்' என்ற பட்டம் இடைவேளையிலும் கூடவே வரும். ஏற்கெனவே பழி சுமந்து பழகிய பிள்ளைக்கு அது கூடுதல் காயம். கொலையும் ரத்தமும் தேவையே இல்லை. தொலைந்த பொருள், அனுப்பியவர் பெயர் இல்லாத பொட்டலம், இடம் மாறிக் கிடக்கும் கூண்டு, இவையே போதும்.

இரண்டு மூன்று வழக்குகள் முடிந்த பிறகு, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் சொந்தமாக ஒரு புதிர் எழுதச் சொல்லலாம். அவிழ்ப்பதை விட எழுதுவது கடினம். முதல் வரைவுகளில் பெரும்பாலும் இரண்டு விடைகள் பொருந்தும், அல்லது எந்த விடையும் பொருந்தாது. திருத்துவதற்கு நான் சிவப்புப் பேனா எடுப்பதில்லை. எழுதிய குழு வேறொரு குழுவிடம் அதைக் கொடுக்கும். அவர்களுக்கு இரண்டு பெயர்கள் வந்தால் தாள் திரும்பி வரும், இன்னொரு துப்பு அட்டை எழுத வேண்டியிருக்கும்.